நாய்க்கு உண்ணி எடுக்க எடுக்க வந்துகினே கீது, அவசரம்

சத்துவாச்சாரி_07:
வீட்டு நாய் மேல உண்ணி. காதுக்குள்ள, கால் விரல் இடுக்குல, எங்க கை வச்சாலும் கீது. நேத்து மட்டும் 40க்கு மேல புடுங்கிப் போட்டேன். காலைல பாத்தா மறுபடியும் அதே அளவு. கழுத்துல ஊத்துற சொட்டு மருந்தும் போட்டாச்சு, ஒண்ணும் வேலைக்கு ஆவல. ஊதுபத்தி வச்சு சுட்டும் பாத்தோம். அம்மா எங்கியாவது கொண்டுபோய் விட்டுடுன்றாங்க. சீக்கிரம் சொல்லுங்க.

பாலாத்து_மணல்:
என்ன நாய்? எத்தனை மாசம், எத்தனை கிலோ? என்ன மருந்து, என்னிக்குப் போட்டீங்க? எதுவுமே சொல்லாம அவசரம்னா நாங்க என்ன ஜோசியமா பாக்குறது?

குடியாத்தம்_அக்கா:
சீத்தாப்பழக் கொட்டையை அரைச்சு தேங்காயெண்ணெயில குழைச்சுத் தடவுப்பா. எங்க பாட்டி காலத்துலேர்ந்து இதுதான். ஒரே நாள்ல எல்லாம் உதிர்ந்துடும்.

காட்பாடி_ஜங்ஷன்:
அக்கா, சீத்தாக்கொட்டை கண்ணுல பட்டா கண்ணே புண்ணாயிடும். நாய் காதைச் சொறிஞ்ச காலாலதான் கண்ணையும் தேய்க்கும். வேணாம்.

குடியாத்தம்_அக்கா:
எங்க வீட்டு நாய்க்கு ஒண்ணும் ஆவலியே!

ஆற்காட்டான்:
வீட்டைச் சுத்தி உண்ணிச்செடி வேலி இருக்கா பாரு. அதுலேர்ந்துதான் ஏறுது. பேரே உண்ணிச்செடி.

பழைய_ஆள்:
இதே கேள்விக்கு நான் பலமுறை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கடைசியாகச் சொல்கிறேன். நாய் மீது தெரிவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டில் இருக்கிறது. ரத்தம் குடித்து ஆமணக்கு முத்து போல உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் புகுந்து 4,000 முட்டை வரை இடும். பொரிந்த குஞ்சுக்கு ஆறே கால். அது ஒருமுறை ஏறிக் குடித்து இறங்கும், தோலுரித்து மீண்டும் ஏறும், பெரிதாகி மூன்றாம் முறை ஏறும். நீங்கள் நாயை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊதுபத்தியால் சுடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எல்லாம் மடத்தனம். நாய் தோல்தான் பொசுங்கும். பிடுங்கியதை நகத்தில் வைத்து நசுக்குபவர்கள் அதன் ரத்தம் தங்கள் கைப்புண்ணில் படும் என்பதையும் யோசிக்கவும்.

காட்பாடி_ஜங்ஷன்:
பெரியவர் திட்டினாலும் விஷயம் சரி. தம்பி, புருவம் எடுக்கிற இடுக்கி இருந்தா போதும். வயித்தைப் புடிக்காத, தோலை ஒட்டி வாய்ப் பக்கமா புடிச்சு நேரா, மெதுவா இழு. திருகாத. எடுத்ததை ஸ்பிரிட்லயோ சோப்புத் தண்ணிலயோ போடு. இழுத்த எடத்துல டெட்டால் ஊத்தாத, ஆன்டிசெப்டிக் மருந்து லேசா தொட்டு வச்சா போதும்.

சத்துவாச்சாரி_07:
நாட்டு நாய், 2 வயசு, 14 கிலோ. ஃபிப்ரோனில் சொட்டு மருந்து வெள்ளிக்கிழமை போட்டேன். நாத்தம் அடிக்குதுன்னு அம்மா சனிக்கிழமை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிட்டாங்க. அது முக்கியமா?

பாலாத்து_மணல்:
இதை மொதல்லயே சொல்லக்கூடாதா சாமி! அந்த மருந்து தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசையிலதான் பரவும். போடுறதுக்கு 2 நாள் முன்னாடி, போட்டு 2 நாள் வரைக்கும் குளிப்பாட்டக்கூடாது. மயிரை விலக்கித் தோல்ல படுற மாதிரி ஊத்தினியா, இல்ல மேலயே ஊத்தினியா?

சத்துவாச்சாரி_07:
மேலதான்.

பாலாத்து_மணல்:
சரிதான். டாக்டர்கிட்ட கேட்டு அஃபாக்சோலானர் இல்ல ஃப்ளூரலானர் மாத்திரை குடு. முன்னது ஒரு மாசம், பின்னது 12 வாரம் நிக்கும். இதைக் குளிப்பாட்டி எடுக்க முடியாது. உண்ணி கடிச்ச பிறகுதான் சாவும், அதனால ஏறுறதைப் பாத்து பதறாத. நாய்க்கு வலிப்பு வந்திருந்தா மட்டும் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லு.

ஆரணி_சிவப்பு:
மாட்டுக்கு அடிக்கிற மருந்தைத் தண்ணில கலந்து அடிச்சா காலி. விலையும் கம்மி.

காட்பாடி_ஜங்ஷன்:
கலக்குற அளவு தப்பினா நாயும் காலி. வீட்டுல பூனை இருந்தா இன்னும் மோசம், பெர்மெத்ரின் மாதிரி மருந்து பூனைக்கு விஷம். தம்பி, நாய் எங்க படுக்கும்? அதோட பல் ஈறு என்ன நிறம்?

சத்துவாச்சாரி_07:
தாத்தாவோட கயித்துக் கட்டில் அடியில. பூனையும் கீது. ஈறு இப்பதான் பாத்தேன், வெளுத்துதான் கீது. நேத்துலேர்ந்து சோறும் தொடல.

காட்பாடி_ஜங்ஷன்:
மத்ததெல்லாம் விடு. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ. உண்ணி கடிச்சு ரத்தத்துல பரவுற நோய், எர்லிக்கியாவோ பபீசியாவோ இருக்கலாம், ரத்தம் பாத்தாத்தான் தெரியும். மூக்குல ரத்தம், காப்பி நெறத்துல மூத்திரம் வந்தா அதையும் சொல்லு.

குடியாத்தம்_அக்கா:
ஐயோ, அதான் உண்ணிக் காய்ச்சல். நம்ம வேலூர் பக்கம் மனுஷங்களுக்கும் வருதே. குழந்தைங்களைத் தள்ளி வை தம்பி.

பழைய_ஆள்:
அது வேறு, இது வேறு. பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவது ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது புதரில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. நாய் உண்ணி அல்ல. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல கருப்புப் பொருக்கு இருக்கும்.

ஆற்காட்டான்:
புதர்னு நீங்களே சொல்றீங்க. அப்ப நான் சொன்ன உண்ணிச்செடி தப்பா?

பழைய_ஆள்:
பெயரை வைத்து மருத்துவம் பார்க்காதீர்கள். உண்ணிக்கொக்கு என்றுகூடத்தான் ஒன்று இருக்கிறது. அது உண்ணி உண்பதைவிட, மாடு நடக்கையில் கிளம்பும் பூச்சியைத்தான் அதிகம் பிடிக்கிறது.

ஆற்காட்டான்:
எங்க எருமை முதுகுல உக்காந்து கொத்துறதை நான் கண்ணால பாத்திருக்கேன் சார். நீங்க மாடு வச்சிருக்கீங்களா?

பழைய_ஆள்:
வைத்திருந்தேன்.

காட்பாடி_ஜங்ஷன்:
கொக்கு சண்டை போதும். நாய் உண்ணியும் மனுஷனைக் கடிச்சுக் காய்ச்சல் கொண்டுவரும், கம்மிதான், ஆனா இல்லன்னு சொல்ல முடியாது. தம்பி, அந்தக் கட்டிலைப் பாரு. உண்ணி மேல ஏறிப் போய் ஒளியிற ஜாதி. கயிறு முடிச்சு, வாசக்கால் மூலை, சுவர் வெடிப்பு, எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாரு. வெடிப்பைப் பூசு, நாய் விரிப்பைக் கொதிக்கிற தண்ணில போடு. மருந்து அடிக்கிறதுன்னா நாயும் பூனையும் தரை காயிற வரைக்கும் வெளியில இருக்கணும். பட்டினியாவே பல மாசம் கெடக்கும், ஒரு தடவை அடிச்சிட்டு விட்டுடாத.

பாலாத்து_மணல்:
என்னாச்சு? நாய் எப்படி இருக்கு?

பாலாத்து_மணல்:
நாலு நாள் ஆச்சு தம்பி.

சத்துவாச்சாரி_07:
ரத்த டெஸ்ட்ல எர்லிக்கியா. 28 நாள் டாக்ஸிசைக்ளின், சோத்தோட குடுக்கச் சொன்னாங்க. நேத்து தயிர் சோறு தின்னுச்சு. கட்டில் கயித்தைப் பிரிச்சா ஒவ்வொரு முடிச்சுலயும் கடுகு மாதிரி, எரிச்சிட்டேன். தாத்தா பேசமாட்டேன்றாரு.