6.0 பவர்ஸ்ட்ரோக்: சரிசெய்து ஓட்டுவதா, கம்மின்ஸ் ஏற்றுவதா?

கேள்வி:
அமெரிக்காவில் 2006 ஃபோர்டு எஃப்-250, 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின், ஆட்டோமேட்டிக், குறைந்த விலைக்கு வருகிறது. ட்ரெய்லர் இழுக்க வேண்டும். "ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) எப்படியும் போகும், டாட்ஜ் பிக்கப்பில் வந்த பழைய 12 வால்வு கம்மின்ஸ் டீசல் இன்ஜினை ஏற்றிவிடு" என்கிறார்கள். வாங்குமுன் எதைப் பார்ப்பது? இன்ஜின் மாற்றுவது கட்டுப்படியாகுமா?

பதில் 1:
ஹெட் கேஸ்கெட் போவது கடைசிக் கட்டம் சகோ. வியாதி ஆயில் கூலரில் ஆரம்பிக்கிறது. இரண்டு ஹெட்டுக்கும் நடுப்பள்ளத்தில், ஆயில் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் அதன் தகடுகளுக்குள் கூலண்ட் போகும் வழி ரொம்பக் குறுகல். வார்ப்பு மணலும் சிலிகேட் கசடும் அங்கே அடைத்துக்கொள்ளும். இன்டேக்குக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலருக்குக் கூலண்ட் இதைத் தாண்டித்தான் வர வேண்டும். வரத்து குறைந்தால் அங்கே கொதித்து, கூலர் விரிசல் விட்டு, கூலண்ட் இன்டேக்கில் இறங்கும். சிலிண்டர் அழுத்தம் எகிறி, போல்ட் இழுபட்டு, ஹெட் தூக்கிக்கொள்ளும். ஃபோர்டின் பழைய 7.3 லிட்டர் டீசலில் ஒரு சிலிண்டரைச் சுற்றி 6 போல்ட், இதில் 4தான்.

ஸ்கேனர் மாட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் சமதளச் சாலையில் 65 மைல் வேகத்தில், ஆயில் வெப்பம் கூலண்டைவிட 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் கூடியிருந்தால் கூலர் அடைத்திருக்கிறது. இன்ஜின் ஆறியபின் டீகாஸ் பாட்டில் (கூலண்ட் தொட்டி) மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். உப்புப் பூத்தது போல வெள்ளைப் படிவு ஒட்டினால், அழுத்தம் 16 பிஎஸ்ஐ மூடியையும் மீறிக் கூலண்டைக் கக்கியிருக்கிறது. அந்த வண்டிக்கு ஹெட் வேலை இருக்கலாம் என்று வைத்தே விலையைப் பேசுங்கள்.

வேலை செய்தால் இரண்டு கூலரையும் சேர்த்தே மாற்றுங்கள். சிஸ்டத்தைக் கழுவாமல் புதுக் கூலர் போட்டால் பழைய கசடே அதையும் அடைக்கும். ஈசி-1 தரக் கூலண்ட் (கனரக டீசலுக்கான நீண்ட ஆயுள் வகை) ஊற்றி, கூலண்ட் ஃபில்டரும் வையுங்கள். ஹெட்டைக் கழற்றினால் பழைய போல்ட் மறுபடி வேண்டவே வேண்டாம். போல்ட்டுக்குப் பதில் ஏஆர்பி நிறுவனத்தின் வலுவான ஸ்டட் 20, அவர்களுடைய லூப் தடவி, படிப்படியாக 210 அடி-பவுண்டு.

பதில் 2:
மின்சாரப் பக்கத்தையும் விடாதீர்கள். இன்ஜெக்டருக்கு 48 வோல்ட் கொடுக்கும் எஃப்ஐசிஎம் என்ற கன்ட்ரோல் பெட்டி, குளிர்ந்த இன்ஜினைக் கிராங்க் செய்யும்போதும் 45-க்குக் கீழே இறங்கக் கூடாது. பாட்டரியோ ஆல்டர்னேட்டரோ பலவீனமாக இருந்தால் அது சாகும். இன்ஜெக்டரையும் கூட்டிக்கொண்டு போகும்.

சூடாக அணைத்து உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள். குளிரில் பிடித்து, சூட்டில் பிடிக்காவிட்டால், பெரும்பாலும் இன்ஜெக்டரை இயக்கும் ஹை பிரஷர் ஆயில் கசிகிறது. ஸ்டார்ட் ஆக அந்த ஆயிலில் ஏறத்தாழ 500 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். இந்த வருட மாடலில் முதல் சந்தேகம் ஆயில் பம்ப்மேல் உள்ள எஸ்டிசி ஃபிட்டிங் என்ற இணைப்பு. இரண்டு துண்டாக இருப்பதால் தளர்ந்துவிடும். ஒரே துண்டாக மாற்று கிட் கிடைக்கிறது.

பதில் 3:
கம்மின்ஸ் விஷயத்துக்கு வருவோம். பி7100 டீசல் பம்ப் உள்ள 1994–98 இன்ஜின் முழுக்க மெக்கானிக்கல், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) தேவையில்லை. ஆனால் இந்த வண்டியின் கியர்பாக்ஸ் எலக்ட்ரானிக். அடாப்டர் பிளேட், இன்ஜின் மவுண்ட், தனி கியர்பாக்ஸ் கன்ட்ரோலர், டாஷ்போர்டு மீட்டர் வயரிங் எல்லாம் செலவுதான். ஏற்றுமுன் கம்மின்ஸின் டைமிங் கேஸில் (முன்பக்கக் கியர் பெட்டி) இருக்கும் டவல் பின் என்ற சிறு முளையைக் கண்டிப்பாகத் தடுத்து வையுங்கள். நழுவிக் கியரில் விழுந்தால் முன்பக்கமே உடையும்.

இதைவிடப் பெரிய சிக்கல் சட்டம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ கணக்கில், ஏற்றும் இன்ஜின் வண்டியின் மாடல் வருடத்தைவிடப் பழையதாக இருக்கக் கூடாது, புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களும் முழுசாக இருக்க வேண்டும். 2006 வண்டியில் 1997 இன்ஜின் பொருந்தாது. கலிஃபோர்னியாவில் ரெஃப்ரி எனும் புகைச் சோதனை அதிகாரியிடமே காட்ட வேண்டும். பிளாக் உடைந்திருந்தாலும் 6.0 லாங் பிளாக்கே (ஹெட்டோடு கூடிய இன்ஜின் உடல்) வாங்குவேன்.

கேட்டவர்:
நன்றி. கேஸ்கெட்டை முன்கூட்டியே வாங்கி வைக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். ஹெட்டை இடத்தில் நிறுத்தும் டவல் முளை 18 மி.மீ., 20 மி.மீ. என இரண்டு அளவு, கேஸ்கெட் அதற்குப் பொருந்த வேண்டும். 2006-ஐ ஒட்டித்தான் மாறியது. கழற்றி, காலிப்பரில் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.