மெக்சிகோவா, ஜப்பானா? ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்க ஆலோசனை தேவை

நண்பர்களே, வணக்கம். பயன்படுத்திய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிதார்கள் இரண்டு ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன. ஒன்று மெக்சிகோவின் என்செனாடா தொழிற்சாலையில் செய்த ‘பிளேயர்’ மாடல். மற்றொன்று ஜப்பானில் செய்த, 1960களின் பாணியிலான ‘டிரெடிஷனல்’ மாடல்.

பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பிளேயரில் ஆல்டர் மரம், 22 ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்). ஜப்பான் கிதாரில் பாஸ்வுட் மரம், 21 ஃப்ரெட். அதன் ஃப்ரெட் கம்பிகளும் மெல்லியவை.

இந்த ஃப்ரெட் கம்பிதான் என் கவலை. நான் கமகங்களைத் தந்தியை இழுத்தே வாசிக்கிறேன். தோடியின் காந்தாரத்தை அசைக்கும்போது, பிளேயரின் பருத்த கம்பியில் விரல் நுனி தந்தியை நன்றாகப் பற்றிக்கொள்கிறது. மெல்லிய கம்பியில் விரல் பலகையில் உரசி நழுவுகிறது. ஆனால் ஜப்பான் கிதாரின் கழுத்து அவ்வளவு வழவழப்பு. கீழே வைக்கவே மனம் வரவில்லை. ஜப்பான் என்றாலே உசத்தி என்று விற்பவர் சொல்வதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஊர்ப்பெயரா வாசிக்கிறது?

ஜப்பான் கிதாரில் பருத்த ஃப்ரெட் கம்பிகளை மாற்றிப் போட்டவர்கள் இருக்கிறீர்களா? செலவு எவ்வளவு ஆனது? கழுத்தின் அந்த வழவழப்பு அப்படியே இருந்ததா? மரம் வேறு என்பது ஆம்ப்ளிஃபயரில் கேட்கும் ஒலியில் உண்மையிலேயே தெரிகிறதா? கர்நாடக இசையைக் கிதாரில் வாசிப்பவர்கள் அவசியம் சொல்லுங்கள். இந்த வார இறுதிக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும்.