மெக்வாயரைத் தப்பா எடைபோட்டுட்டோமா?

பின்வரிசை_பித்தன்:
2025 அக்டோபர் 19, தீபாவளிக்கு முந்தின ராத்திரி. நம்ம சிங்கப்பூர் நேரம் 11.30-க்கு ஆரம்பிச்ச ஆட்டம். 84-வது நிமிஷம் புருனோ தூக்கிப் போட்ட பந்தை மான்செஸ்டர் யுனைடெட் (மேன்யூ) தற்காப்பு ஆட்டக்காரர் மெக்வாயர் தலையால முட்ட, லிவர்பூல் 1, மேன்யூ 2. லிவர்பூலோட ஆன்ஃபீல்டு மைதானத்துல 2016 ஜனவரிக்கு அப்புறம் கிடைச்ச முதல் வெற்றி. விடிஞ்சதும் "கங்கா ஸ்நானம் ஆச்சா"ன்னு கேக்க வேண்டிய வாட்ஸ்அப் குழுவுல எல்லாம் அந்த கோல்தான் ஓடுச்சு.

இதே ஆளைத்தான் 8 கோடி பவுண்டு கொடுத்து வாங்கினது தண்டம்னு கோப்பிக்கடைக்குக் கோப்பிக்கடை திட்டித் தீர்த்தோம். இப்போ "லெஜண்டு"ங்கிறோம். ரெண்டுமே ஓவரோன்னு தோணுது. கோல் கணக்கை ஒதுக்கி வச்சிட்டு, தற்காப்பு ஆட்டக்காரரா மட்டும் பார்த்தா ஒழுங்கு, உழைப்பு, தலைமை மூணுலயும் அவர் எங்கே நிக்கிறார்? ஆட்டங்களைக் கூர்ந்து பார்த்தவங்க சொல்லுங்க.

மூணுமணி_ஆட்டம்:
ஒழுங்கிலிருந்தே தொடங்கலாம். அட்டைகளை எண்ணிப் பார்த்து ஒண்ணும் தெரியாது, ஒவ்வொரு அட்டையும் எப்படி வந்துச்சுன்னு பார்க்கணும்.

2020 அக்டோபர் 14, வெம்ப்ளியில் இங்கிலாந்து–டென்மார்க். 5-வது நிமிஷமே மஞ்சள். 31-வது நிமிஷம் பந்தோட முன்னேறினவர் முதல் தொடுதலைக் கொஞ்சம் அழுத்தித் தட்டிட்டார். பந்து காலைவிட்டு ஓடுச்சு. அதை மீட்கக் காலை நீட்டினப்போ சிக்கினது டோல்பெர்க். ரெண்டாவது மஞ்சள், வெளியே. இங்கிலாந்து 0-1.

2021 நவம்பர் 20, வாட்ஃபோர்டு. 69-வது நிமிஷம், ஏற்கெனவே ஒரு மஞ்சள் இருக்கு. மறுபடியும் அதே கதை: தன் காலில் இருந்த பந்து நழுவுது, எட்டிப் பிடிக்கப் பாய்றார், கிளெவர்லி விழறார். 1-4. மறுநாள் மேன்யூ பயிற்சியாளர் சோல்ஷாருக்கு வேலை போச்சு.

ரெண்டுலயும் கோபம் கிடையாது, பழிவாங்கல் கிடையாது, நடுவர்கிட்ட வாய்ச்சண்டையும் கிடையாது. தன் பிழையைத் தானே அந்த நொடியிலேயே சரிக்கட்டணும்ங்கிற பதற்றம்தான். இதை "ஒழுங்கு கெட்டவர்"னு சொல்றது தப்பு. நோய் முதல் தொடுதலில் இருக்கு, அட்டை அதோட அறிகுறி. பந்து நழுவினா பாயக் கூடாது, ரெண்டு அடி பின்வாங்கி எதிராளியை ஓரத்துக்குத் தள்ளணும். பயிற்சியில் சின்ன வயசிலேயே சொல்ற பாடம்தான், ஆனா பின்னாடி காலி மைதானம் தெரியும்போது கால் கேட்காது.

இன்னொரு வகையும் இருக்கு. லெஸ்டரில் ஆடினப்போ, 2019 மார்ச், பர்ன்லிக்கு எதிரா 4-வது நிமிஷமே நேரடிச் சிவப்பு. கடைசி ஆளா நின்னு, கோலை நோக்கி ஓடினவரை மறிச்சார். தெளிவான கோல் வாய்ப்பான்னு முடிவு பண்ண நடுவர் நாலு விஷயம் பார்ப்பார்: கோலுக்கு இருக்கிற தூரம், ஓட்டத்தோட திசை, பந்து அவர் வசம் இருக்க எவ்வளவு வாய்ப்பு, மத்த தற்காப்பாளர்கள் எத்தனை பேர், எங்கே. நாலும் பொருந்தினா சிவப்பு. பிரீமியர் லீக்கில் இதுக்கு ஒரு ஆட்டத் தடை. கையை ஓங்கினா மூணு. அந்த வித்தியாசத்தைச் சட்டமே ஒத்துக்குது, நாமதான் எல்லாச் சிவப்பையும் ஒரே கூடையில் போடறோம்.

ஈசூன்_அண்ணாச்சி:
சரியாச் சொன்னீங்க தம்பி. அதோட ஒண்ணு சேர்த்துக்கணும், அவர் மாறினதைவிட அவருக்குக் கொடுத்த வேலை மாறினதுதான் அதிகம்.

நாலு பேர் பின்வரிசை, அதுவும் மேலேறி நிக்கிற வரிசையில், ஒரு சென்டர் பேக் (நடுத் தற்காப்பாளர்) திரும்பி 30, 40 மீட்டர் கோலை நோக்கி ஓடணும். மெக்வாயர் உயரம் 1.94 மீட்டர். நேரா ஓட விட்டா அவ்வளவு மோசமில்லை, ஆனா இடுப்பைத் திருப்பறதுக்குள்ள வேகமான ஸ்ட்ரைக்கர் ஒரு மீட்டர் எடுத்துடுவார். 2024 நவம்பரில் அமோரிம் பயிற்சியாளரா வந்து பின்வரிசையை மூணு பேராக்கினார். அதில் பக்கத்தில் எப்பவும் ஒருத்தர் காவல். வரும் பந்தை முகம் கொடுத்துத் தலையால் அடிக்கிற வேலை அதிகம், முதுகு காட்டி ஓடற வேலை குறைவு. ஆள் அதேதான். மீனைத் தண்ணியில் விட்ட மாதிரி.

2023 ஏப்ரல் 20, செவில்லாவுக்கு எதிரான யூரோப்பா ஆட்டத்தை நினைச்சுப் பாருங்க. 8-வது நிமிஷம் கோல்கீப்பர் டெ கேயா கொடுத்த பந்து மெக்வாயர் காலுக்கு வந்தப்போ சுத்தி செவில்லாக்காரங்க. வெளியே அனுப்பப் பார்த்தார், லமேலா மேல பட்டு என்-நெசிரிக்குப் போச்சு, கோல். 0-3. திட்டு முழுக்க மெக்வாயருக்கு. அந்த இடத்தில் அந்தப் பந்தையே கொடுத்திருக்கக் கூடாதுன்னு சொன்னவங்க கொஞ்சம் பேர்தான்.

கல்லாங்_கர்ஜனை:
தலைமையைப் பத்தி யாரும் பேசலையே. 2020 ஜனவரியில், மேன்யூவுக்கு வந்து ஆறு மாசத்திலேயே கேப்டன் கைப்பட்டை. 2023 ஜூலையில் அப்போதைய பயிற்சியாளர் டென் ஹாக் அதைப் பிடுங்கி புருனோவுக்குக் கொடுத்தார். அடுத்த மாசமே வெஸ்ட் ஹாம் 3 கோடி பவுண்டுக்குக் கேட்டு, கிளப்பும் சரின்னுடுச்சு. ஆனா அவர் போகலை, பெஞ்சில் உட்கார்ந்தார். மத்தவங்களுக்குக் காயம்னதும் இடம் கிடைச்சுது, நவம்பரில் லீக்கின் மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது.

கைப்பட்டை போனவன் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்காம அடுத்த நாள் பயிற்சிக்கு வர்றான் பாருங்க, என் கணக்கில் அதுதான் தலைமை. கைப்பட்டையோட இருந்த மூணரை வருஷத்தில் அவர் நல்ல கேப்டனா இருந்தார்னு நான் சொல்ல மாட்டேன். அணி தடுமாறும்போது அவரும் சேர்ந்து தடுமாறினார்.

தேக்கா_தேநீர்:
லியோன் ஆட்டம்! 2025 ஏப்ரல், புனித வெள்ளி விடியக்காலை 3 மணி. 109-வது நிமிஷம் 2-4. அமோரிம் மெக்வாயரை ஸ்ட்ரைக்கராவே முன்னாடி அனுப்பிட்டார். 114-இல் புருனோ பெனால்டி, 120-இல் மைனூ, 120+1-இல் மெக்வாயர் தலை. 5-4. பாதியிலேயே தூங்கப் போனவங்களை நினைச்சா இன்னும் பாவமா இருக்கு.

பின்வரிசை_பித்தன்:
தேக்கா, கோலை ஒதுக்கி வைக்கச் சொன்னேனே ப்ரோ 😄

கல்லாங்_கர்ஜனை:
ஒதுக்க முடியாதுப்பா. 1998 ஹனோயில் நடந்த டைகர் கிண்ண இறுதி ஆட்டத்தில் நமக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர்தானே. ஆர். சசிகுமார், 1-0. 27 வருஷம் கழிச்சும் அவர் தடுத்த பந்துகளை யாராவது பேசறாங்களா?

ஆனா உழைப்பு வேற, ஒழுங்கு வேறங்கிறதுக்கு நம்ம ஊர் உதாரணமே போதும். 2021 டிசம்பர் 25, தேசிய அரங்கம், சுசுகி கிண்ண (தென்கிழக்காசியக் கால்பந்துப் போட்டி) அரையிறுதியின் ரெண்டாவது சுற்று, இந்தோனேசியா. இடைவேளைக்கு முன்னாடி சஃபுவான் வெளியே. 67-இல் இர்ஃபான். ஒன்பது பேரோட ஷாதான் ஃப்ரீகிக்கில் 2-1 ஆக்கினார். 87-இல் சமன். கடைசி நிமிஷத்தில் கிடைச்ச ஃபாரிஸ் பெனால்டி தடுக்கப்பட்டுச்சு. கூடுதல் நேரம் முடியறப்போ கோல்கீப்பர் ஹசன் சன்னிக்கும் சிவப்பு, இக்சான் கையுறை மாட்டினார். எட்டு பேர், 2-4.

அந்த ராத்திரி உழைப்பில் குறை சொல்ல ஆளில்லை, அரங்கமே எழுந்து கைதட்டுச்சு. ஆனா தற்காப்பிலிருந்து ரெண்டு பேர் போனதும் மிச்சம் இருந்தவங்க ஆளாளுக்கு ரெண்டு பேர் இடத்தைக் காக்க வேண்டியதாச்சு, கூடுதல் நேரத்தில் கால் நின்னுடுச்சு. கைதட்டின கையோட அதையும் பேசியிருக்கணும்.

பின்வரிசை_பித்தன்:
சரி, அப்போ மஞ்சள் வாங்கின சென்டர் பேக்கை வச்சுக்கிட்டு ஆட்டத்தை எப்படி ஓட்டறது? மாத்திடறதுதான் வழியா?

மூணுமணி_ஆட்டம்:
எப்பவும் இல்லை. மாத்தினா வரிசையோட புரிதல் போயிடும். முதல்ல பக்கத்தை மாத்துங்க: வேகமான ஸ்ட்ரைக்கர் வலது பக்கம் வந்தா, மஞ்சள் வாங்கினவர் இடது பக்கம். அதை மைதானத்திலேயே கேப்டன் செஞ்சிடணும், கோச் கத்தற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அடுத்து, எதிர்த்தாக்குதலை முளையிலேயே கிள்ளற ஃபவுலை மிட்ஃபீல்டர் நடுக்கோட்டுப் பக்கமே செஞ்சு முடிச்சிடணும், பின்வரிசை வரைக்கும் வர விடவே கூடாது. மூணாவது, அவர் நெஞ்சை நேரா வச்சு நிக்காம ஒருக்களிச்சு, ஒரு கை தூரம் கூடுதலா விட்டு நிக்கணும். அப்போ காலை நீட்ட வேண்டிய அவசியமே பாதி குறையும்.

இன்னொண்ணு, லீக்கில் முதல் 19 ஆட்டத்துக்குள்ள அஞ்சு மஞ்சள் சேர்ந்தா ஒரு ஆட்டம் போச்சு. நாலில் இருக்கிறவர் நடுவர்கிட்ட வாதாடி அஞ்சாவதை வாங்கினாத்தான் நான் ஒழுங்குக் கேடும்பேன்.

ஈசூன்_அண்ணாச்சி:
தலைமையை அளக்கவும் ஒரு வழி இருக்கு. அடுத்த ஆட்டத்தில் பத்து நிமிஷம் பந்தை மறந்துட்டு மெக்வாயரை மட்டும் பாருங்க. எதிரணி பின்னால் பாஸ் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் வரிசையை முன்னே ஏத்தறாரா? கார்னருக்கு முன்னாடி யார் யாரைப் பிடிக்கணும்னு விரல் நீட்டறாரா, இல்ல தன் ஆளை மட்டும் பார்த்துக்கிறாரா? கோல் வாங்கினதும் கையை விரிச்சு யார் மேலயாவது பழி போடறாரா?

டிவியில் கேமரா பந்து பின்னாடியே போறதால இதில் பாதி தெரியாது. கார்னர், கோல்கிக் சமயத்தில் மட்டும்தான் முழு வரிசையும் திரையில் வரும். அப்போ கோப்பியைக் கீழே வச்சிட்டுப் பாருங்க.