கோப்பு யாருடையது? எடிட்டர் என்று நம்பியிருந்தவர்களின் அனுபவங்கள்

சங்கச் செயலாளர், கோவை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 64 வீடுகள் உள்ளன. மாதப் பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் ஒப்பந்தம், பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகள் ஆகிய அனைத்தையும் எங்கள் பொருளாளர் ஐயா தம்முடைய கூகுள் டிரைவில் ஒரே கோப்புறையாக அடுக்கி, செயற்குழுவினர் ஐவருக்குத் திருத்தக்கூடிய எடிட்டர் அனுமதியும் மற்ற வீட்டுக்காரர்களுக்குப் பார்க்க மட்டும் முடிகிற வியூவர் அனுமதியும் கொடுத்திருந்தார். ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் என்பதால், பேரேடு எழுதும் ஒழுங்கு அவர் கையில் அப்படியே இருந்தது.

சென்ற ஆண்டு அவர் காலமானார். அதன் பிறகும் எந்த வேலையும் தடைபடவில்லை. நான் வழக்கம்போல் வசூலைப் பதிந்துகொண்டிருந்தேன், வீட்டுக்காரர்கள் வழக்கம்போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதங்கள் கழித்துப் புதிய பொருளாளர் பொறுப்பேற்றபோதுதான், "இந்தக் கோப்புகளெல்லாம் யார் பெயரில் இருக்கின்றன?" என்று கேட்டார். விவரங்களைத் திறந்து பார்த்தோம். ஓனர் என்ற இடத்தில் ஐயாவின் பெயரும் சிரித்த முகமும் இருந்தன.

எடிட்டருக்கும் ஓனருக்கும் உள்ள வேறுபாட்டை நான் அதுவரை பதவிப் பெயரளவில்தான் புரிந்துகொண்டிருந்தேன். எடிட்டர் எழுதலாம், அழிக்கலாம், முடக்கி வைக்காதவரை மற்றவர்களுக்குப் பகிரவும் செய்யலாம். ஆனால் கோப்பு வாழ்வதும் போவதும் ஓனரின் கூகுள் கணக்கைப் பொறுத்தது. அது பிடிக்கும் சேமிப்பிடம்கூட அவருக்குக் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில்தான் கழிகிறது. தனிநபர் கணக்கு ஒன்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதை அதன் உள்ளடக்கத்தோடு நீக்கக்கூடும் என்ற விதியைக் கூகுள் 2023 மே மாதத்தில் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாங்கள் அன்றாடம் எழுதிக்கொண்டிருந்த கணக்குப் புத்தகம், யாரும் நுழையாத ஒரு கணக்கின் தயவில் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

நகல் எடுத்துக்கொண்டால் போயிற்று என்று சிலர் சொன்னார்கள். நகல் எடுப்பவரே நகலுக்கு ஓனராவார் என்பது உண்மைதான். ஆனால் யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் பழைய திருத்த வரலாறு நகலோடு வராது. எங்களுக்கு அந்த வரலாறுதான் முக்கியம். முன்பொருமுறை மூலதன நிதியில் ஒரு வீட்டுக்காரர் கட்டிய தொகை குறைத்துப் பதியப்பட்டதாகப் பெரிய சச்சரவு எழுந்தது. ஐயா ஒரு வார்த்தையும் பேசாமல் அந்தக் கட்டத்தின் மீது வலது பொத்தானை அழுத்தி, முன்பு என்ன எண் இருந்தது, அதை யார் எந்தத் தேதியில் மாற்றினார் என்பதைக் கூட்டத்தில் திரையிலேயே காட்டினார். மாற்றியவர் நான்தான்; 15,000 என்று எழுத வேண்டிய இடத்தில் 1,500 என்று எழுதியிருந்தேன். அந்த வரலாற்றை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இப்படி ஓனர் இல்லாமல் போன கோப்புகளை வேறு யாரேனும் கையாண்டதுண்டா? எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை எழுதினால் உதவியாக இருக்கும்.

ஆசிரியை, திண்டுக்கல்

ஐயா, ஓனர் இல்லாமல் போன அனுபவம் எனக்கில்லை. ஓனராக நானே இருந்தும் பிழை செய்த அனுபவம் உண்டு. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு மதிப்பெண்களை ஒரு விரிதாளில் வைத்திருந்தேன். அதன் இரண்டாவது தாளில், மெல்லக் கற்கும் மாணவர்களைப் பற்றியும் சிலரின் குடும்பச் சூழலைப் பற்றியும் எனக்காக எழுதிய குறிப்புகள் இருந்தன. அந்தத் தாளை மட்டும் மறைத்துவிட்டு, லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று அமைத்து, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன்.

இரவு பத்து மணிக்குக் கோப்பைத் திறந்தால், மேல் வலது மூலையில் வண்ண வட்டங்களாகப் பெயரற்ற ஒட்டகம், பெயரற்ற ஆமை, பெயரற்ற நரி என்று ஒரு காட்டுக்கூட்டமே நின்றிருந்தது. லிங்க் வழியாக வருபவர்களைச் சேவை அப்படித்தான் விலங்குப் பெயர்களால் காட்டும். வந்திருப்பவர் எந்த மாணவரின் தந்தை, அல்லது யார் யாருக்கோ அனுப்பிய லிங்க் வழியாக வந்த அந்நியரா என்று நமக்குத் தெரியாது. முதலில் சிரித்தேன். மறுநாள் காலை ஒரு தாய் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், எங்க வீட்டுக்காரர் குடிப்பார்னு எழுதி வெச்சிருக்கீங்களே" என்றார்.

தாளை மறைப்பது வேறு, தடுப்பது வேறு என்பதை அன்றுதான் கற்றேன். வியூவர் அந்தக் கோப்பிலேயே மறைந்த தாளை வெளிக்கொணர முடியாது. ஆனால் அதற்கு ஒரு நகல் எடுத்தால் அந்த நகலுக்கு அவரே ஓனர், அதில் எதையும் திறந்துகொள்ளலாம். பகிர்வு அமைப்பில் உள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி, வியூவர்களும் கமெண்டர்களும் (கருத்து மட்டும் எழுதக்கூடியவர்கள்) பதிவிறக்கவோ அச்சிடவோ நகலெடுக்கவோ முடியாதபடி செய்யலாம் என்பது எனக்குத் தெரியாது. செய்திருந்தாலும் அது பூட்டு ஆகாது. திரையைப் படம்பிடிப்பவரை யார் தடுப்பது? பிறர் பார்க்கக் கூடாததைத் தனிக் கோப்பில் வைப்பது ஒன்றே சரியான வழி என்று இப்போது நினைக்கிறேன். அந்தத் தாயின் வீட்டிற்கு நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் காபி கொடுத்தார். ஆனால் குறிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

கணினிப் பிரிவுப் பொறுப்பாளர், தனியார் கல்லூரி

செயலாளர் ஐயாவின் சிக்கல் எங்களுக்கு ஆண்டுதோறும் வரும். பேராசிரியர் ஒருவர் பணி விலகுவார். நிர்வாகம் அவருடைய கணக்கை நீக்கச் சொல்லும். நீக்கிய பதினைந்தாவது நாள், துறையின் பாடத்திட்டக் கோப்புகளைக் காணவில்லை என்று துறைத்தலைவர் ஓடிவருவார். நிறுவனக் கணக்குகளில், நீக்கிய பயனரை 20 நாட்களுக்குள் மீட்டெடுக்கலாம் என்பதால் ஒருமுறை தப்பித்தோம்.

அதன் பிறகு துறைக் கோப்புகளை எல்லாம் பகிர்வு டிரைவுக்கு மாற்றிவிட்டேன். அங்கே கோப்பு தனிமனிதருக்குச் சொந்தமில்லை, நிறுவனத்திற்குச் சொந்தம். மேனேஜர், கன்டென்ட் மேனேஜர், கான்ட்ரிபியூட்டர், கமெண்டர், வியூவர் என்று ஐந்து நிலைகள் இருப்பதால், புதிதாகச் சேரும் விரிவுரையாளருக்குக் கான்ட்ரிபியூட்டர் நிலை கொடுத்தால் அவர் கோப்பைச் சேர்க்கலாம், திருத்தலாம், ஆனால் அழிக்க முடியாது. யார் போனாலும் கோப்பு இருக்கும். ஆனால் தனிநபர் கணக்கில் இதை உருவாக்க முடியாது என்பதால், இந்த வழி உங்கள் சங்கத்திற்கு உடனே கைகொடுக்காது.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். தனிநபர் கணக்கில் கோப்புறையின் ஓனரை மாற்றினால் உள்ளிருக்கும் கோப்புகளின் ஓனர் மாறிவிடுவதில்லை. கோப்புறை உங்கள் பெயருக்கு வந்துவிட்டதென்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

சங்கச் செயலாளர், கோவை

பொறுப்பாளர் சொன்ன எச்சரிக்கை மிகச் சரியான நேரத்தில் வந்தது. நான் அந்தத் தவற்றைத்தான் செய்ய இருந்தேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஐயாவின் துணைவியாரைப் பார்த்து நிலைமையை விளக்கினேன். கடவுச்சொல்லை ஐயா பால் கணக்கு எழுதும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். என் மடிக்கணினியில் அம்மாவே அதை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். உள்ளே நுழைய முயல்பவர் உண்மையில் நீங்கள்தானா என்று ஐயாவின் கைப்பேசியில் கேள்வி வந்தது. அம்மா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, "ஆம், நான்தான்" என்ற பொத்தானைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு அழுத்தினார்.

கோப்புறைக்குள் 43 கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் பகிர்வைத் திறந்து, சங்கத்தின் பெயரில் புதிதாகத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரிக்கு உரிமை மாற்ற அழைப்பு அனுப்பினோம். அழைப்பை அந்தப் பக்கம் ஏற்கும்வரை பழையவரே ஓனர் என்பதால், புதிய பொருளாளர் பக்கத்து நாற்காலியில் தம் கணினியோடு உட்கார்ந்து ஒன்றொன்றாக ஏற்றுக்கொண்டே வந்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. திருத்த வரலாறு முழுவதும் அப்படியே இருக்கிறது, என்னுடைய 1,500 உட்பட.

உரிமை மாறிய பிறகு பழைய ஓனர் தானாகவே எடிட்டராகிவிடுகிறார். அவருடைய பெயரை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கட்டுமா என்று புதிய பொருளாளர் கேட்டார். வியூவராக்கி வைக்கலாம் என்று அம்மா சொன்னார். அப்படியே செய்தோம்.