பழைய கொள்ளைக்காரன் படம்: உங்களுக்கு எந்த எடம் மறக்கல? (மலேசியா சுங்கை சிப்புட் கூட்டாளிங்க வாங்க)

பால்மரத்தான்:
நேத்து ‘ஷோலே’ மறுபடி பாத்தேன், தூக்கம் போச்சு. தோட்டத் திடல்ல வெள்ளத்துணி கட்டிப் போட்டப்ப நமக்கு ஏது இந்தி? ஜாகா வேல, அதான் காவக்கார வேல, பாத்த பஞ்சாபித் தாத்தாதான் நாற்காலி போட்டு ஒக்காந்து வசனத்தையெல்லாம் தமிழ்ல சொல்லுவாரு. கொள்ளைக்காரன் கப்பர் பேச்சுன்னா கொரலே மாறிடும். தாக்கூரோட சால்வை காத்துல நழுவி, ரெண்டு கையும் இல்லன்னு தெரியுமே, அங்க நிறுத்தினவருதான். கடைசில போலீசு வந்து தடுக்கறப்பகூட வாயத் தொறக்கல. யாரும் கேக்கவும் இல்ல. தாத்தா பழைய போலீசுன்னு அப்பா சொல்லுவாரு.

லயத்துப்பையன்:
அண்ணே, போலீசு எங்க வந்துச்சு? நாங்க வாடகைக்கு எடுத்த வீடியோ டேப்புல கப்பர் செத்துட்டான். ஆணி அடிச்ச செருப்பால தாக்கூர் மிதிச்சே கொன்னுட்டு, அப்புறம் உடைஞ்சு அழுவாரு. நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க பாதியில தூங்கிட்டீங்க போல.

டேப்புக்கட மருமகன்:
ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க லா. 1975ல இந்தியாவுல எமர்ஜென்சி. முன்னாள் போலீசு அதிகாரியான தாக்கூரே சட்டத்தக் கையில எடுக்கறதத் தணிக்கைல விடல, ரமேஷ் சிப்பி முடிவ மாத்தி எடுத்தாரு. பழைய முடிவு டேப்புல சுத்துச்சு. 2025ல இத்தாலி போலோஞ்யா விழாவுல அந்த முடிவோடயே போட்டாங்க. என் கத ஒண்ணும் பெருசில்ல, கடையில ஒக்காந்து ரீவைண்டு பண்ணினதுதான். ஆனா தம்பி, வீட்டுல பழைய டேப்பு இருந்தா மொதல்ல மூடியத் தெறந்து பாரு. வெள்ளையா பூசணம் தெரிஞ்சா மிசின்ல போடவே போடாத, ஹெட்டும் கெடும், அடுத்து போடுற டேப்புக்கும் ஒட்டும். படுக்க வைக்காம நிமித்தி வை. சமையக்கட்டுப் பக்கம் வேணாம், நம்ம ஊரு ஈரத்துக்குத் தாங்காது. சீக்கிரம் கம்ப்யூட்டர்ல ஏத்திடு, இனிமே மிசினே கெடைக்காது.

செம்பனைக்காரி:
யாரு கேட்டா டேப்பு வைத்தியம்! எனக்கு ‘மலையூர் மம்பட்டியான்’தான், 1983ல வந்தது. வீடு நெறைய சனம். மம்பட்டியானுக்கு ஊரே ஆதரவா நிக்கறதப் பாத்துட்டு எங்க பாட்டி வெடுக்குனு எந்திரிச்சு, “இவனுக்குச் சோறு போட்டவள யாரு காப்பாத்துவா?”ன்னு சத்தமாவே கேட்டுட்டுப் போயிருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானுந்தான்.

1948 ஜூன் 16ல எல்பில் தோட்டத்துத் தொரையச் சுட்டது நம்ம ஊருலதானே. அப்புறம் லயத்து வீடுங்களச் சுத்திக் கம்பிவேலி. காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுங்களுக்கு அரிசி போயிரும்னு வெளிய போறவங்க பையெல்லாம் கேட்டுல சோதன. பாட்டி அதுல வாழ்ந்தவ. காட்டுக்காரன் வந்து கதவத் தட்டினா குடுத்தாலும் வெனை, குடுக்காட்டியும் வெனை. அத யாரும் படமா எடுக்கலயே! மம்பட்டியானா நடிச்ச தியாகராஜன் துப்பாக்கியோட நடந்து வர்ற அழகுல நமக்கு அதெல்லாம் எங்க தெரிஞ்சுது?

2011ல பிரசாந்த வச்சு எடுத்தது வேணாம், பழசுதான் வேணும். நல்ல பிரிண்டு யார்கிட்டயாவது இருக்கா?