கலைச்சொல் தேவை: புரோமிலியாட் செடியின் நடுவில் நீர் நிற்கும் இடம்

சிங்கப்பூரிலிருந்து, திங்கள்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். எங்கள் குடியிருப்புப் பேட்டையின் தோட்டக் குழுவுக்காக, வீட்டுக்குள் புரோமிலியாட் என்னும் அழகுச்செடிகளை வளர்ப்பது பற்றிய துண்டு வெளியீடு ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குஸ்மேனியா, ஏக்மியா, நியோரெகேலியா ஆகிய மூன்றைப் பற்றியது. இவற்றின் இலைகள் அடியில் ஒன்றையொன்று இறுகத் தழுவி நடுவில் ஒரு குழியாகும். மழைநீர் அதில் நிற்கும். செடி குடிப்பது பெரும்பாலும் அந்த நீரைத்தான், வேருக்குப் பிடித்துக்கொள்ளும் வேலையே அதிகம். ஆங்கிலத்தில் 'டேங்க்' என்கிறார்கள். 'தொட்டி' என்று போட முடியாது. "தொட்டியில் எப்போதும் நீர் நிற்கட்டும்" என்றால் எவரும் பூந்தொட்டியில்தான் ஊற்றுவார்கள். வேர் அழுகிச் செடி போய்விடும். 'குடுவை'யைப் பூச்சியுண்ணும் செடியான நெபந்தஸுக்குக் கொடுத்துவிட்டோம். வேறு சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து:

முதலில் குடும்பப் பெயரைத் தீர்ப்போம். ஒலோப் புரோமிலியஸ் 17ஆம் நூற்றாண்டின் சுவீடன் மருத்துவர். அவர் பெயரைச் சுமக்கும் சொல், செடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தமிழில் டகர மெய் சொல்லின் இறுதியில் நில்லாது. இலக்கணப்படி உகரம் சேர்த்தால் 'புரோமிலியாடு', செடிக்குள் ஆடு புகுந்துவிடும். அன்னாசியும் இக்குடும்பம்தானே? அதற்கு நம்மவர் 'பறங்கித்தாழை' என்று அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். ஆகவே 'பறங்கித்தாழையினம்' என்க.

கேட்ட இடத்துக்குச் 'சுனை'. பாறை இடுக்கில் நீர் தேங்கினால் சுனை. இலை இடுக்கில் தேங்கினால் இலைச்சுனை. குறிஞ்சி நிலத்தின் சொல் இப்படிக் கையில் இருக்கும்போது கிண்ணம், கோப்பை என்று தேடுவானேன்?

நாகர்கோவிலிலிருந்து:

ஐயா சொல்லும் தாழைக்கு இன்னொரு சான்று. மலையாளிகள் இன்றும் அன்னாசியைக் கைதச்சக்கை என்கிறார்கள். கைதை என்றால் தாழை, சக்கை என்றால் பலா. ஆனால் ஓர் ஐயம். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது கபிலர் கைதையையும் தாழையையும் தனித்தனியே எண்ணுகிறார். இரண்டும் ஒன்றென்றால் எண்ணிக்கை என்ன ஆவது?

மதுரையிலிருந்து:

நல்ல கேள்வி. தாழை என்பது தென்னைக்கும் பெயர். கபிலர் இரண்டில் ஒன்றால் தென்னம்பூவைச் சுட்டியிருக்கலாம் என்பது என் துணிபு. தாழ் என்ற வேரிலிருந்து தொடங்கினால், தாழம்பூவின் மடல்…

(இதற்குப் பின் வந்த மூன்று மடல்களும் தாழ், தாழ்ப்பாள், தாழி பற்றியவை. — சிங்கப்பூர்)

யாழ்ப்பாணத்திலிருந்து:

வகுப்பில் தாவரவியல் கற்பிப்பவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். தாழை பாண்டனஸ் குடும்பம். இலை விளிம்பில் முள் இருக்கிறது என்பதற்காகப் புரோமிலியாட் அதற்கு உறவாகிவிடாது. இக்குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் வளரும் பிட்கேர்னியா ஃபெலிசியானா ஒன்றே விலக்கு. குடும்பத்துக்கு 'அன்னாசிக் குடும்பம்' போதும், மாணவருக்குச் சட்டென்று விளங்கும். அன்னாசி தூய தமிழா என்று ஐயா கேட்பார். இல்லை, தென் அமெரிக்கப் பழங்குடிச் சொல், போர்த்துக்கேயர் வழியாக வந்தது. செடி பிறந்த மண்ணின் சொல் நம்மிடம் இருக்கிறது என்று மகிழலாமே.

இன்னொன்று. வெளியீட்டில் 'தொற்றுத்தாவரம்' என்று இருக்கிறதா? 2020க்குப் பிறகு 'தொற்று' என்றால் சனம் விலகி நிற்கும். நாங்கள் 'மேலொட்டி' என்கிறோம். 'ஒட்டுண்ணி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; இந்தச் செடி மரத்தில் உட்காருமே தவிர அதன் சாற்றை உண்ணாது.

பொள்ளாச்சியிலிருந்து:

எனக்குத் தெரிந்தது தென்னையும் வாழையும்தான். நடுவில் இருப்பது எங்களுக்குக் குருத்து. ஆனால் அந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். குருத்தில் நீர் ஊற்றச் சொன்னால் எந்தத் தென்னை விவசாயியும் சண்டைக்கு வருவான். குருத்தழுகல் வந்து மரம் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். இந்தச் செடி எப்படி அழுகாமல் நிற்கிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து:

பொள்ளாச்சி அண்ணனுக்கு: இலைகளில் நுண்ணிய செதில் மயிர்கள் உண்டு, அவை நீரை உறிஞ்சும். அதற்காக இது அழுகவே அழுகாது என்றில்லை. நீர் பழசாகி நாறினாலும், குளிரில் நிரம்பிக் கிடந்தாலும் அழுகும். சாய்த்துக் கொட்டிவிட்டு மழைநீரை விட வேண்டும். உப்பு மிகுந்த கிணற்று நீர் விட்டால் இலையில் வெள்ளையாகப் படியும்.

மதுரை ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். சுனை என்று நீங்கள் எழுதுவதை அச்சகத்தார் 'சுணை' ஆக்கிவிட்டால்? அது செடியின் மேலுள்ள, தோலில் பட்டால் அரிக்கும் பூமுள். முள் விளிம்பும் செதில் மயிரும் உள்ள செடியில் அந்தப் பிழையை எவரும் பிழையென்றே உணரமாட்டார்கள்.

மதுரையிலிருந்து:

றன்னகர ணகர வேறுபாடு அறியாத அச்சகத்துக்காகச் சொல்லைத் துறப்பதா? சரி, 'செப்பு' என்போம். குங்குமச்செப்பு நினைவிருக்கிறதல்லவா?

சிங்கப்பூரிலிருந்து, புதன்:

ஐயா மன்னிக்க வேண்டும். வெளியீட்டின் கடைசிப் பத்தியே, செம்பு இச்செடிக்கு நஞ்சு, செப்புக் குடத்து நீரை ஊற்றாதீர்கள் என்பதுதான். செப்பில் செப்பு நீர் ஊற்றாதே என்று நான் எழுதினால் குழுவை விட்டே நீக்கிவிடுவார்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

'தொன்னை' என்றால் என்ன? இலையை மடித்துச் செய்த கலம், கோவில் பொங்கல் வாங்கிய எல்லோருக்கும் தெரியும். நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமா என்ற பழைய வழக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது: நீரைச் செடி தாங்குகிறது, செடியை நீர் தாங்குகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இரசித்தேன். ஆனால் தொன்னை, தின்றுவிட்டு எறிவது. என் மாணவர் பாதிப்பேர் அதைக் கண்டதில்லை. 'இலைக்கிண்ணம்' என்று விடுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

பொள்ளாச்சியிலிருந்து:

இலைக்கிண்ணத்துக்கு என் ஓட்டு. தாய்ச்செடி ஒருமுறை பூத்துவிட்டு மெல்லச் சாகும், பக்கத்தில் குட்டி முளைக்கும் என்று படித்தேன். அதற்கு எதையும் புதிதாகத் தேட வேண்டாம். கன்று. தாயின் உயரத்தில் பாதி வந்ததும் பிரித்து நடலாம் என்று எழுதுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து, வியாழன் இரவு:

கன்றை ஒருவரும் மறுக்கவில்லை. இந்தக் குழுவில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. 'புரோமிலியாட்' என்று முதலில் கொடுத்து, உடனே 'அன்னாசிக் குடும்பச் செடி' என்று விளக்கிவிட்டேன். நீர் நிற்கும் இடம் 'இலைக்கிண்ணம்', படத்தில் அம்புக்குறியுடன். இங்கே வீட்டில் கொசு வளரவிட்டால் அபராதம். ஆகவே கிண்ணத்து நீரை அடிக்கடி மாற்றுங்கள் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். அதில் வரும் 'லார்வா'வுக்குக் 'கொசுப்புழு' என்று எழுதியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

குடம்பி என்பதே எங்கள் பாடநூல் வழக்கு. பதிவுக்காகச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து:

பெரும்பான்மைக்கு வணக்கம். கிண்ணம் மனிதன் செய்வது, சுனை தானே அமைவது. என் வீட்டு ஏக்மியாவுக்கு நான் இலைச்சுனை என்றே சொல்வேன். 'குடம்பி' பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன். குறளின் குடம்பை கூடா முட்டையா என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.