குருசேகரக் குழு விதிகள் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

அனைவருக்கும் தோத்திரம். காட்பாடிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தின் குருசேகரக் குழுவுக்கு, அதாவது சபை நிர்வாகக் குழுவுக்கு, இந்த முறை தேர்வாகியிருக்கிறேன். முதல் கூட்டத்திலேயே வாக்குவாதம். பாடகர் குழு அமரும் இடத்துக்கு மேலே கூரை ஒழுகுகிறது. கீர்த்தனைப் புத்தகங்கள் ஊறி உப்பிவிட்டன. பழுது பார்க்கும் செலவுக்கு ஒப்புதல் தருவது யார் என்பதில்தான் சிக்கல். சபையை நடத்தும் ஆயரா, செயலாளரும் பொருளாளருமா, வட்டாரச் சபைகளுக்கெல்லாம் மேலான பேராய அலுவலகமா? ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்கள். அச்சிட்ட விதிப்புத்தகத்தை மட்டும் யாரும் கண்ணில் காட்டுவதில்லை.

இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபைக்குப் போகும் என் அத்தை மகன், அங்கே 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலயப் பணமும் கட்டடப் பராமரிப்பும் சபைக் குழுவின் பொறுப்பு என்கிறார். சரி, அது அந்த ஊர்ச் சட்டம். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் வழிவந்த நம் சபைகளும் இணைந்து உருவான திருச்சபை நம்முடையது. அங்குள்ள விதி இங்கே அப்படியே செல்லுமா என்ன?

வேலூர் பேராய விதிகளின் தமிழ்ப் பிரதி யாரிடமாவது இருக்கிறதா? எவ்வளவு தொகைக்கு மேல் பேராயத்தின் அனுமதி வேண்டும்? ஆயர் இல்லாமல் குழு கூடி எடுக்கும் தீர்மானம் செல்லுமா? குழுவில் இருந்து அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து விதி எண்ணோடு சொல்லுங்கள். செவிவழிச் செய்தி இங்கேயே போதுமான அளவு இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் வேலையைத் தொடங்கியாக வேண்டும்.